நலிந்த உடலும் மசியாத கிருமியும்: மருந்தெதிர்ப்பு நிமோகாக்கஸ் பற்றி ஓர் ஆய்வு

மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் தங்கி வாழும் பாக்டீரியாக்களில் ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. மருத்துவர்கள் இதை நிமோகாக்கஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். நுண்ணோக்கியில் இரண்டிரண்டாக ஒட்டிய உருண்டைகளாகத் தெரியும் இக்கிருமியை 1881-ல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தார்கள். சிறு குழந்தைகளின் தொண்டைதான் இதன் முதன்மையான இருப்பிடம். தமிழ்நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு மாதக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேலும், ஆறு மாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரும் இதைச் சுமந்திருந்தார்கள். இப்படிச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்தக் கேடும் நேர்வதில்லை. ஆனால் அதே கிருமி நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. ரத்தத்தில் கலந்தால் உடல் முழுவதையும் குலைக்கும் செப்சிஸ். மூளையைச் சுற்றியுள்ள உறையை எட்டினால் மூளைக்காய்ச்சல்.

கிருமி இறங்குமா, தொண்டையோடு நின்றுவிடுமா என்பதைப் பெரும்பாலும் குடியிருக்கும் உடலின் நிலைதான் முடிவு செய்கிறது. கைக்குழந்தைகள், முதியவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், மண்ணீரல் இல்லாதவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரையே இது அதிகம் தாக்குகிறது. பெனிசிலினுக்கும் அதன் பின் வந்த மருந்துகளுக்கும் கட்டுப்படாத நிமோகாக்கஸ் வகைகள் இவர்களிடம் என்ன செய்கின்றன, எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் தடுக்க முடிந்திருக்கிறது என்பவற்றில் அறுபது ஆண்டுச் சான்றுகள் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது, நலிந்த நோயாளி மருந்தெதிர்ப்புக்கு இரையாகிறவர் மட்டுமல்லர், அது பிறந்து வளரும் களமும் பல நேரங்களில் அவர் உடலே என்பது தெரியவருகிறது.

உறையும் மண்ணீரலும்

நிமோகாக்கஸைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழவழப்பான உறை ஒன்று உண்டு. அந்த உறையின் அமைப்பை வைத்து இதுவரை நூறு வகைகளுக்கு மேல் பிரித்தறிந்திருக்கிறார்கள். 6பி, 14, 19ஏ, 23எஃப் என்று அவற்றுக்கு எண்ணும் எழுத்துமாகப் பெயர். உறையுள்ள கிருமி வெள்ளணுக்களின் பிடியில் எளிதில் சிக்காது. ரத்தத்திலுள்ள ஆன்டிபாடிகளும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் உறைமேல் படிந்து பிடிமானம் தந்தால்தான் வெள்ளணுவால் விழுங்க முடியும். அப்படிப் படியாமல் தப்பியவற்றை ரத்தத்திலிருந்து வடிகட்டி அழிப்பதில் மண்ணீரலுக்கு ஈடான உறுப்பு வேறில்லை.

நலிந்தவர்கள் என்று மருத்துவம் வகுக்கும் பட்டியல் இந்த ஏற்பாட்டின் ஓட்டைகளைக் காட்டும் வரைபடம் போன்றது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் சர்க்கரை உறைக்கு எதிராக நல்ல ஆன்டிபாடி சுரக்க இன்னும் பழகவில்லை. முதுமையில் அந்தத் திறன் தேய்கிறது. எச்.ஐ.வி. அதைச் சுரக்கும் அணுக்களின் நினைவாற்றலைக் குலைக்கிறது. மைலோமா போன்ற ரத்தப் புற்றுநோய்களில் ஆன்டிபாடி ஏராளமாகச் சுரந்தாலும் பயன்படுவது குறைவு. நெஃப்ரோடிக் நோயுள்ள குழந்தைக்கு அது சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. நீர் கோத்த அதன் வயிற்றில் நிமோகாக்கஸ் புகுந்து சீழ் பிடிக்கவைப்பது குழந்தை மருத்துவர்களுக்குப் பழக்கமான சிக்கல். நெடுநாள் குடி, சர்க்கரை நோய், புகையால் கெட்ட நுரையீரல், சிறுநீரகச் செயலிழப்பு, மாற்று உறுப்புக்காக உட்கொள்ளும் மருந்துகள் என்று பட்டியல் நீள்கிறது.

இவர்களுள் மண்ணீரல் இழந்தவர்களின் நிலை தனி. 1952-ல் கிங், ஷூமேக்கர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்ட கைக்குழந்தைகளுக்குப் பிற்பாடு கடும் செப்சிஸ் வருவதை எடுத்துக்காட்டினார்கள். அதுவரை மண்ணீரல் இல்லாமலும் வாழலாம், அதனால் பெரிய இழப்பில்லை என்றே கருதப்பட்டது. இத்தகையோருக்குக் காலையில் காய்ச்சல் கண்டு இரவுக்குள் உயிர் போவதும் உண்டு. அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைக்குக் கத்தி படாமலேயே இந்த நிலை வருகிறது: வளைந்த சிவப்பணுக்கள் மண்ணீரலின் நுண்குழாய்களை அடைத்து, முதல் சில ஆண்டுகளிலேயே அதைச் செயலிழக்கச் செய்கின்றன. இந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூறு முதலில் பதிவானதும் அதே 1952-ல்தான், நீலகிரிப் பழங்குடிகளிடம். நீலகிரி மலைகளில் காய்ச்சலோடு வரும் ஒரு பழங்குடிக் குழந்தையிடம் நிமோகாக்கஸை நினைக்க வேண்டிய தேவை இதனால் மற்ற இடங்களைவிடக் கூடுதல்.

பெனிசிலினுக்கு முன்பே தொடங்கிய கதை

நிமோகாக்கஸின் மருந்தெதிர்ப்பு பெனிசிலினோடு தொடங்கியதாக எண்ணுவது வழக்கம். உண்மையில் அது இன்னும் பழையது. 1911-ல் ஜெர்மனியில் மோர்கன்ராத் குழுவினர் கொய்னாவிலிருந்து உருவாக்கிய ஆப்டோகின் என்னும் வேதிப்பொருள் எலிகளின் நிமோகாக்கஸ் தொற்றைக் குணப்படுத்தியது. மறு ஆண்டே, மருந்து கொடுக்கப்பட்ட எலிகளில் அதற்குக் கட்டுப்படாத கிருமிகள் தோன்றின. 1917-ல் மனித நோயாளிகளிடமும் அதுவே காணப்பட்டது. கண்பார்வையைக் கெடுத்ததால் ஆப்டோகின் மருந்தாக நிலைக்கவில்லை. ஆனால் சோதனைக்கூடத்தில் அது இன்றும் வாழ்கிறது: வளர்தட்டில் ஆப்டோகின் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராவிட்டால் அது நிமோகாக்கஸ் என்று அடையாளம் காண்கிறார்கள். மருந்தெதிர்ப்பை முதலில் காட்டித்தந்த பொருளே கிருமியை இனங்காணும் கருவியாகிவிட்டது.

1940-களில் பெனிசிலின் வந்தபோது நிமோகாக்கஸ் அதற்கு முழுமையாகக் கட்டுப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நிலை நீடித்ததால், இந்தக் கிருமி எதிர்ப்பைக் கற்காது என்ற நம்பிக்கையே வளர்ந்துவிட்டது. அதைக் கலைத்தது 1967-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஹான்ஸ்மன், புல்லன் இருவரும் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பு. பெனிசிலின் சரிவரப் பலிக்காத அந்தக் கிருமி ஓர் இளம் பெண்ணின் சளியிலிருந்து எடுக்கப்பட்டது. அவருக்கு ஆன்டிபாடிகள் போதிய அளவு சுரக்காத குறை இருந்தது. மூச்சுக்குழாய்கள் விரிந்து சீழ் கட்டும் நோயும் இருந்தது. இத்தகையோர் ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள். முதல் எச்சரிக்கை நலிந்த ஒரு நோயாளியிடமிருந்து வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்து, பெனிசிலின் தாராளமாகப் புழங்கிய நியூகினியின் கிராமங்களில் அத்தகைய கிருமிகள் தென்பட்டன. பெரிய அதிர்ச்சி தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. 1977-ல் டர்பன் நகரில், பெனிசிலினுக்கும் குளோராம்பெனிகாலுக்கும் ஒருசேர மசியாத நிமோகாக்கஸ் குழந்தைகளைத் தாக்கியது. அதே ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் பெனிசிலின், எரித்ரோமைசின், டெட்ராசைக்கிளின், குளோராம்பெனிகால் என எல்லாவற்றையும் தாங்கும் 19ஏ வகை வெளிப்பட்டது. அங்கே மருத்துவமனைகளில் தேடிப் பார்த்தபோது, 543 குழந்தை நோயாளிகளில் 29 விழுக்காட்டினரிடம் எதிர்ப்புள்ள நிமோகாக்கஸ் இருந்தது. 434 ஊழியர்களில் 2 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. ஒரே கட்டடம், ஒரே காற்று. ஊழியருக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு வயது, நலிவு, உட்கொண்ட மருந்து ஆகியவைதான்.

1980-களில் ஸ்பெயினும் ஹங்கேரியும் இக்கிருமியின் ஐரோப்பிய மையங்களாயின. ஸ்பெயினில் உருவான ஒரு 6பி வகைக் கால்வழி ஐஸ்லாந்துக்குள் நுழைந்து, 1993-க்குள் அந்நாட்டின் நிமோகாக்கஸ் மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவதைக் குறைக்கும்படி அங்கே நடந்த பிரச்சாரத்துக்குப் பிறகு அந்த விகிதம் இறங்கத் தொடங்கியது. தீவு சிறியது, மக்கள்தொகை குறைவு, மருந்துக் கணக்கு துல்லியமானது. பெரிய நாடுகளுக்கு இந்த வெற்றியை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

அண்டைவீட்டு டி.என்.ஏ.

பல பாக்டீரியாக்கள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரந்து தப்பிக்கின்றன. நிமோகாக்கஸ் அப்படிச் செய்வதில்லை. பெனிசிலின் ஒட்டிக்கொள்ளும் புரதங்களை அது மாற்றி அமைத்துக்கொள்கிறது. செல்சுவரைக் கட்டும் இந்தப் புரதங்களுக்கு 1ஏ, 2பி, 2எக்ஸ் என்று பெயர். இவற்றின் வடிவம் மாறினால் மருந்து இறுகப் பற்றாது, சுவர்வேலை தடைபடாது. இந்த எதிர்ப்பு படிப்படியாக ஏறுவது. எனவே மருந்தளவைக் கூட்டினால் பல நேரம் அதை வென்றுவிடலாம். குழந்தைகளுக்கு அமாக்சிசிலினை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 90 மில்லிகிராம் வரை கொடுக்கும் வழக்கத்துக்கு இதுவே அடிப்படை.

மாறிய புரதத்துக்கான மரபணுவை நிமோகாக்கஸ் பெரும்பாலும் தானாக உருவாக்கவில்லை. தொண்டையில் உடன் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் போன்ற சாதுவான உறவினர்களின் டி.என்.ஏ. துண்டுகளை உள்ளிழுத்துத் தன் மரபணுவில் தைத்துக்கொண்டது. ஒட்டுத்துணி போலத் தோன்றும் இந்த மரபணுக்கள் சோதனைக்கூடத்தில் தெளிவாகவே தெரிகின்றன. டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்பதை உலகுக்குக் காட்டியதும் இதே திறமைதான்: 1928-ல் ஃபிரெடரிக் கிரிஃபித் எலிகளில் கண்ட மாற்றத்தை 1944-ல் ஏவரி, மக்லியாட், மக்கார்ட்டி மூவரும் டி.என்.ஏ.வின் வேலை என்று நிறுவினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கிருமி நிமோகாக்கஸ். சில ஆன்டிபயாடிக்குகள் தரும் நெருக்கடியே கிருமியை டி.என்.ஏ. உள்ளிழுக்கும் நிலைக்குத் தள்ளுவதும் பின்னர் தெரியவந்தது. ஸ்பெயினில் தோன்றி உலகெங்கும் பரவிய 23எஃப் கால்வழியின் 240 மாதிரிகளை 2011-ல் மரபணு முழுமைக்கும் வாசித்தபோது, சில பத்தாண்டுகளுக்குள் அது உறையையே மாற்றிக்கொண்டு தடுப்பூசியின் கண்ணிலிருந்து நழுவியிருந்தது புலப்பட்டது.

மற்ற மருந்துகளுக்கு வேறு வழிகள். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகியவற்றுக்கு எதிராக ரைபோசோமில் ஒரு மீத்தைல் குழு சேர்கிறது, அல்லது மருந்தை வெளியே இறைக்கும் பம்பு இயங்குகிறது. முதல் வழியில் வரும் எதிர்ப்பு மருந்தளவைக் கூட்டினாலும் அசையாது. லீவோஃப்ளாக்சசின் குழுவுக்கு எதிராக, அம்மருந்துகள் தாக்கும் நொதிகளில் இரண்டு திரிபுகள் அடுத்தடுத்து விழ வேண்டும். முதல் திரிபு மட்டும் உள்ள கிருமியை வழக்கமான சோதனை கண்டுகொள்ளாமல் விடலாம். சிகிச்சை நடக்கும்போதே இரண்டாவது விழுந்துவிடும். 2002-ல் கனடாவிலிருந்து பதிவான நான்கு நோயாளிகளிடம் லீவோஃப்ளாக்சசின் தோற்றது; அவர்களில் சிலரிடம் எதிர்ப்பு சிகிச்சையின்போதே தோன்றியிருந்தது.

கொல்வது எதிர்ப்பா, நலிவா?

மருந்துக்கு மசியாத கிருமி வந்தால் நோயாளி சாவது உறுதி என்ற பொதுக்கருத்தைச் சான்றுகள் அப்படியே ஏற்பதில்லை. பார்சலோனாவின் பெல்விச் மருத்துவமனையில் பத்தாண்டுகளில் சேர்ந்த 504 நிமோகாக்கஸ் நிமோனியா நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1995-ல் வெளிவந்தது. பெனிசிலினுக்கு மசியாத கிருமி தாக்கியவர்களில் 38 விழுக்காட்டினர் இறந்தார்கள். கட்டுப்பட்ட கிருமி தாக்கியவர்களில் 24 விழுக்காட்டினர். வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் நோயாளிகளின் பிற நோய்களையும் நோயின் கடுமையையும் கணக்கில் எடுத்ததும் அது மறைந்துபோனது. எதிர்ப்புள்ள கிருமி முன்பே மோசமாக இருந்தவர்களைத் தேடி வந்திருந்தது. சாவைக் கூட்டியது அந்த மோசமான நிலை.

இதைவிட ஆழமான உண்மையை அமெரிக்க மருத்துவர்களான ராபர்ட் ஆஸ்ட்ரியனும் ஜெரோம் கோல்டும் 1964-லேயே சொல்லியிருந்தார்கள். புரூக்ளினில் ரத்தத்தில் நிமோகாக்கஸ் கலந்த நோயாளிகளை அவர்கள் பத்தாண்டுகள் கவனித்தார்கள். நோய் தொடங்கிய முதல் ஐந்து நாள்களுக்குள் இறக்கும் நிலையில் இருந்தவர்களின் சாவை, கிருமி முழுக்கக் கட்டுப்பட்ட அந்தக் காலத்திலும், பெனிசிலினால் குறைக்க முடியவில்லை. மருந்து கிருமியைக் கொல்லும். கட்டவிழ்ந்த அழற்சியையும் தளர்ந்த இதயத்தையும் அது சரிசெய்யாது. இந்தக் கண்டறிதலே, பெனிசிலின் இருக்கும்போது தடுப்பூசி எதற்கு என்று கைவிடப்பட்டிருந்த முயற்சியை ஆஸ்ட்ரியன் மீண்டும் கையிலெடுக்கக் காரணமானது.

ஆயினும் எதிர்ப்பு பொருட்டில்லை என்று சொல்லிவிட முடியாத இடங்கள் உண்டு. முதலாவது மூளைக்காய்ச்சல். ரத்தத்திலுள்ள பெனிசிலினில் சிறு பங்குதான் மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் நுழைகிறது. அங்கே ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் அரிது. கொல்லும் வேலை முழுவதும் மருந்தின் தலையில் விழுகிறது. எனவேதான் 2008 முதல் அமெரிக்கச் சோதனைத் தரங்கள் ஒரே கிருமிக்கு இரண்டு அளவுகோல்களை வைக்கின்றன. நுரையீரல் நோய்க்கு ஊசி வழியாகச் செலுத்தும் பெனிசிலின், ஒரு மில்லிலிட்டரில் 2 மைக்ரோகிராமுக்குள் கிருமியின் பெருக்கத்தை நிறுத்தினால் போதும். மூளைக்காய்ச்சல் என்றால் 0.06-க்குள் நிறுத்த வேண்டும். 1 மைக்ரோகிராமுக்கு அடங்கும் கிருமி நுரையீரலில் கட்டுப்பட்டது, மூளையுறையில் கட்டுப்படாதது. இதை அறியாமல் இரு காலத்து விழுக்காடுகளை ஒப்பிடுபவர்கள் எதிர்ப்பு திடீரெனக் குறைந்துவிட்டதாக ஏமாறுகிறார்கள்.

கிருமியின் தன்மை தெரியும்வரை செஃப்ட்ரையாக்சோனோடு வேன்கோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது எதிர்ப்பு மிகுந்த நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அழற்சியைத் தணிக்கச் சேர்க்கும் டெக்சாமெத்தசோன், வேன்கோமைசின் மூளைநீருக்குள் நுழைவதையும் குறைக்கக்கூடும் என்பது மருத்துவர்களை உறுத்தும் சிக்கல். வேன்கோமைசினுக்கே மசியாத நிமோகாக்கஸ் நோயாளிகளிடம் இதுவரை நிலைபெறவில்லை என்பது ஆறுதல். இரண்டாவது இடம் அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவற்றைத் தனியாகக் கொடுக்கும் சிகிச்சை. இவற்றில் எதிர்ப்பு இருந்தால் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே கிருமி ரத்தத்தில் கலந்த பதிவுகள் பல. உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் பெனிசிலினுக்கு மசியாத நிமோகாக்கஸைச் சேர்த்திருந்தது. 2024 பட்டியலில் அந்த இடத்தில் இருப்பது எரித்ரோமைசின் குழுவுக்கு மசியாத நிமோகாக்கஸ். கவலையின் இடம் மாறியிருப்பதை இதிலேயே காணலாம்.

காக்கக் கொடுத்த மருந்து

1996-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலக் கிராமப்புற முதியோர் இல்லம் ஒன்றில் தங்கியிருந்த 84 பேரில் 11 பேருக்கு நிமோனியா வந்தது; மூவர் இறந்தனர். பல மருந்துகளுக்கு மசியாத 23எஃப் வகையே காரணம். நோயில்லாத மற்றவர்களின் தொண்டையைச் சோதித்தபோது, பரிசோதிக்கப்பட்ட முதியோரில் நான்கில் ஒரு பங்கு அளவினரிடம் அதே கிருமி இருந்தது. அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடமே அது அதிகம். நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டிருந்தவர்கள் 4 விழுக்காடு மட்டுமே. எல்லோருக்கும் தடுப்பூசியும் தடுப்பு மருந்தும் கொடுத்த பிறகு புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. நிமோகாக்கஸ் தனியாளைத் தாக்கும் கிருமி, கொத்தாகப் பரவாது என்று ஆன்டிபயாடிக் காலத்தில் படிந்திருந்த எண்ணத்துக்கு இது மறுப்பு.

தென்னாப்பிரிக்காவில் இன்னும் வருத்தமான நிகழ்வு. அங்கே 2000-2006 ஆண்டுகளில் சேகரிக்கப்பட்ட 19,000-க்கும் மேற்பட்ட நிமோகாக்கஸ் மாதிரிகளில் 12 மட்டுமே லீவோஃப்ளாக்சசினுக்கு மசியாதவை. பன்னிரண்டும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமிருந்து வந்தவை. குழந்தைகளுக்கு இந்த மருந்துக்குழுவைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. பிறகு எதிர்ப்பு எப்படி வந்தது? அவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றும் காசநோய்ச் சிகிச்சையும் கொண்டவர்கள். பல மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்காக இந்தக் குழு மருந்துகள் மாதக்கணக்கில் கொடுக்கப்பட்ட காப்பகங்களிலேயே தொற்று பரவியிருந்தது. ஒரு நோயைத் தீர்க்கும் தவிர்க்க முடியாத சிகிச்சை, தொண்டையில் சும்மா இருந்த வேறொரு கிருமிக்கு எதிர்ப்பைக் கற்பித்தது. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

அரிவாள் செல் குழந்தைகளுக்குத் தினமும் பெனிசிலின் கொடுப்பதும் இதே இருமுனைக் கத்தி. 1986-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 215 குழந்தைகள் பங்கேற்றார்கள். வெற்று மாத்திரை பெற்ற 110 பேரில் 13 பேருக்கு நிமோகாக்கஸ் ரத்தத் தொற்று வந்தது, மூவர் இறந்தார்கள். பெனிசிலின் பெற்ற 105 பேரில் இருவருக்கு மட்டுமே தொற்று, இறப்பில்லை. பயன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். பெனிசிலினுக்கு மசியாத வகைகள் இத்தகைய குழந்தைகளின் தொண்டையில் குடியேறுவது பிற்காலத்தில் பல இடங்களில் காணப்பட்டது. அதற்காக இந்தத் தடுப்பு முறையை யாரும் கைவிடவில்லை, கைவிடவும் கூடாது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தினமும் கோட்ரைமாக்சசோல் கொடுப்பதிலும் இதே கணக்குதான்: அந்த மருந்துக்கு எதிர்ப்பு ஏறும், ஆனாலும் உயிர்கள் மிஞ்சும்.

குறைக்க முடிந்த இடத்தில் குறைப்பதே வழி. டொமினிகன் குடியரசில் நடந்த ஆய்வு ஒன்று இதற்கு எடுத்துக்காட்டு. குழந்தைகளுக்கு அமாக்சிசிலினைக் கூடுதல் அளவில் ஐந்தே நாள் கொடுத்தபோது 24 விழுக்காட்டினரும், குறைந்த அளவில் பத்து நாள் கொடுத்தபோது 32 விழுக்காட்டினரும் பெனிசிலினுக்கு மசியாத கிருமியைச் சுமந்தார்கள். மருந்தை நீட்டிக் கொடுத்தால் எதிர்ப்பு வராது என்ற பழைய அறிவுரை இங்கே தலைகீழாகிறது.

இந்தியக் கணக்கு

இந்தியாவில் இந்தக் கிருமியைத் தொடர்ந்து கவனித்த மையங்களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு முக்கிய இடமுண்டு. பல மருத்துவமனைகளோடு சேர்ந்து அக்கல்லூரி பங்கேற்ற கண்காணிப்பின் முடிவுகள் 1999-ல் வெளிவந்தன. 1993-1997 காலத்தில் எடுத்த மாதிரிகளில் பெனிசிலினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டியவை 1.3 விழுக்காடு, கோட்ரைமாக்சசோலுக்கு மசியாதவை 56 விழுக்காடு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் 2011-2015-ல் நடந்த மற்றோர் ஆய்வில் பெனிசிலின் எதிர்ப்பு 8, எரித்ரோமைசின் எதிர்ப்பு 37, கோட்ரைமாக்சசோல் எதிர்ப்பு 66 விழுக்காடு. அளவுகோல்களும் நோயாளிகளும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது சரியாகாது; ஏறுமுகம் என்று சொல்லலாம், எத்தனை மடங்கு என்று சொல்லக் கூடாது.

இத்தகைய எண்களுக்குப் பின்னால் இன்னொரு குறையும் உண்டு. நிமோகாக்கஸ் சோதனைக்கூடத்தில் எளிதில் செத்துப்போகும் கிருமி. ரத்தம் எடுக்கும் முன்பே ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் வளர்தட்டில் எதுவும் முளைக்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையோடு மருத்துவமனைக்கு வருவது சாதாரணமான ஊர்களில், கிருமி கிடைத்த நோயாளிகள் மொத்த நோயாளிகளின் சிறு துளி. சிறுநீரில் கிருமியின் சர்க்கரையைத் தேடும் விரைவுச் சோதனை பெரியவர்களுக்கு உதவும். தொண்டையிலேயே கிருமியைச் சுமக்கும் குழந்தைகளிடம் அது நோயையும் குடியிருப்பையும் பிரித்துக் காட்டாது, எதிர்ப்பைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

பிறரைக் காத்து நலிந்தவரைக் காத்தல்

ஆஸ்ட்ரியனின் உழைப்பால் 1977-ல் 14 வகைகளுக்கான தடுப்பூசியும் 1983-ல் 23 வகைகளுக்கான தடுப்பூசியும் வந்தன. இவற்றில் இருந்தது வெறும் சர்க்கரை உறை. அதை அடையாளம் காணத் திறனற்ற கைக்குழந்தைக்கு அதனால் பயனில்லை. மிகவும் நலிந்த பெரியவர்களுக்கும் பலன் ஐயத்துக்குரியது: உகாண்டாவில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு 23 வகை ஊசி பாதுகாப்புத் தரவில்லை. ஊசி பெற்றவர்களிடம் நிமோனியா கூடியதாகவே 2000-ல் பதிவானது. சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுக்கும் கான்ஜுகேட் ஊசிகள் இந்தத் தடையைத் தாண்டின. மலாவியில் எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களிடம் 7 வகை கான்ஜுகேட் ஊசி, ஊசியிலுள்ள வகைகளால் வரும் நோயை 74 விழுக்காடு தடுத்தது. தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் ஏறத்தாழ 40,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 9 வகை ஊசி, எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளுக்கு 83 விழுக்காடும் உள்ளவர்களுக்கு 65 விழுக்காடும் பாதுகாப்பளித்தது. பெனிசிலினுக்கு மசியாத கிருமியால் வரும் கடும் நோய் 67 விழுக்காடு குறைந்தது.

தடுப்பூசி எதிர்ப்பை ஏன் தாக்குகிறது என்பதற்கு விளக்கம் எளியது. எதிர்ப்பு மிகுந்த 6பி, 14, 19எஃப், 23எஃப் ஆகியவை குழந்தைகளின் தொண்டையில் நெடுநாள் தங்குபவை. அதனாலேயே அதிக மருந்தைச் சந்தித்து எதிர்ப்பைக் கற்றவை. தடுப்பூசிக்கு முதலில் தேர்வானவையும் அவையே. கான்ஜுகேட் ஊசி நோயை மட்டுமன்றித் தொண்டைக் குடியிருப்பையும் குறைக்கிறது. அமெரிக்காவில் 2000-ல் குழந்தைகளுக்கு இந்த ஊசி தொடங்கியது. 1999-க்கும் 2004-க்கும் இடையில் பெனிசிலினுக்கு மசியாத கடும் நோய் இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் 81 விழுக்காடு குறைந்தது. ஊசியே பெறாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் 49 விழுக்காடு குறைந்தது. பேரக்குழந்தைக்குப் போட்ட ஊசி தாத்தா பாட்டியைக் காத்தது. எதிர்ப்பைக் குறைக்கும் முயற்சிகளில் இது பெரும் பலன் தந்தது.

காலியான இடத்தை ஊசியில் இல்லாத வகைகள் பிடித்தன. பல மருந்துகளுக்கு மசியாத 19ஏ அவற்றில் முதன்மையானது. ஆனால் இஸ்ரேலிலும் தென்கொரியாவிலும் தடுப்பூசி பரவலாவதற்கு முன்பே 19ஏ ஏறியிருந்தது. எனவே பழி முழுவதையும் ஊசியின்மேல் போட முடியாது. மருந்துப் பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு. 2010-ல் 19ஏ-வையும் உள்ளடக்கிய 13 வகை ஊசி வந்து அதைத் தணித்தது. முதியவர்களுக்கு நேரடியாகப் பலிக்குமா என்பதை நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 84,496 பேரிடம் சோதித்தார்கள்: ஊசியிலுள்ள வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ 46 விழுக்காடும், ரத்தத்தில் பரவும் நோய் 75 விழுக்காடும் குறைந்தன.

இந்தியாவில் 2017-ல் இமாச்சலப் பிரதேசத்திலும், பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் தொடங்கிய குழந்தைத் திட்டம் 2021-ல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் விரிந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த 10 வகை ஊசியில் 19ஏ-வும் உள்ளது. பெரியவர்களுக்கு அரசுத் திட்டத்தில் இந்த ஊசி இல்லை. சிறுநீரகம் மாற்றியவரோ மண்ணீரல் இழந்தவரோ கைப்பணம் கொடுத்தே போட்டுக்கொள்கிறார்.

அமெரிக்காவில் 13 வகை ஊசிக்குப் பிறகு 35பி என்னும் வகை பெனிசிலின் எதிர்ப்போடு மேலெழுந்தது. 2024-ல் அங்கே பெரியவர்களுக்கு ஒப்புதல் பெற்ற 21 வகை ஊசியில் 35பி சேர்ந்திருக்கிறது. ஆனால் இடத்தைப் பங்கிடும்போது, குழந்தைத் திட்டத்தால் அருகிப்போன சில பழைய வகைகள் அதிலிருந்து விடப்பட்டன. அவற்றுள் ஒன்றான 4-ஆம் வகை அமெரிக்க மேற்குப் பகுதிகளில் வீடற்றவர்களிடமும் குடிநோயாளிகளிடமும் இன்னும் நோயுண்டாக்குகிறது. அது மிகுந்த இடங்களில் 21 வகை ஊசிக்குப் பதிலாக, 4-ஆம் வகையை உள்ளடக்கிய 20 வகை ஊசியையோ வேறு இணைப்புகளையோ போடும்படி அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் பரிந்துரைக்கிறது.